நகத்தில் தட்டாத கீறல்

போன வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வெளியே வந்து பார்த்தால் - என் காரின் பின்கதவில் ஒரு சாண் நீளத்துக்குக் கீறல்.

யாரோ மோட்டார் சைக்கிளைத் திருப்பும்போது ஹேண்டில் உரசியிருக்கிறது. உரசியவர் என் பக்கத்தில் தோளோடு தோள் நின்று தொழுதவராகக்கூட இருக்கலாம். யாரைப் போய்க் கேட்பது?

கல்முனை பஸாரில் கார்ச் சாமான் விற்கும் கடை ஒன்றுக்குப் போனேன். கடைக்காரர் ஒரு சுவர் முழுவதையும் கையால் காட்டினார். கொம்பவுண்ட், பொலிஷ், வெக்ஸ், ஸ்ப்ரே, பேனா மாதிரி ஒன்று, களிம்பு மாதிரி ஒன்று... எனக்கு வாசிக்கவே மூச்சு வாங்கியது. ஒரு கீறலுக்கு இத்தனை வைத்தியமா? மனுசனுக்கு வருகிற வருத்தத்துக்குக்கூட ஆஸ்பத்திரியில் இரண்டு குளிசைதானே தருகிறார்கள்.

"லைட் ஸ்க்ரெட்ச்சா, டீப் ஸ்க்ரெட்ச்சா சேர்?" என்று கேட்டார்.

"நகத்தில தட்டல்ல," என்றேன்.

அவர் என்னைக் கொஞ்சம் மரியாதையோடு பார்த்தார். "உங்களுக்குத் தொழில் தெரியும் போல."

தெரியும்தான். அதைப் படித்த இரண்டு நாளை நினைத்தால் எனக்குச் சிரிப்பும் வரும், வேறு ஒன்றும் வரும். அன்றைக்கு வேறு ஒன்றுதான் வந்தது. ஒரு சாமானும் வாங்காமல் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

எண்பதுகளின் தொடக்கம் அது. நான் சாய்ந்தமருதில் இருந்துகொண்டு கல்முனையில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். வாப்பா மௌத்தாகி இரண்டு வருடம். தங்கச்சிக்கு நிந்தவூரில் மாப்பிள்ளை சரிவந்து, கலியாண நாளும் வந்துவிட்டது. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிவருவார். அவரைக் காரில் போய் எடுத்து வருவது பெண் வீட்டாரின் கடமை. வாப்பா இல்லாத வீட்டில் அது என் தலையில்.

வாடகைக்குப் பேசி வைத்திருந்த கார் பின்னேரம் அஸருக்கு வர வேண்டும். பகல் லுஹர் தொழுதுவிட்டு வந்து நிற்கிறேன், ஆள் வந்து சொல்கிறார் - கியர் பொக்ஸ் போய்விட்டதாம்.

இனி என்ன செய்வது? மாப்பிள்ளையை பஸ்ஸில் ஏற்றி, "கொஞ்சம் உள்ளுக்குப் போங்க" என்று கொண்டக்டரிடம் பேச்சு வாங்க வைத்தா கூட்டி வருவது? உம்மா ஒரு மூலையில் குந்திவிட்டார். நான் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

வேலிக்கு அந்தப் பக்கம் கலீல் காக்கா நின்றார். அடுத்த வீட்டுக்காரர், எனக்கு அண்ணன் மாதிரி. கல்முனையில் நெல் மில் வைத்திருந்த ஒரு முதலாளியின் கார் டிரைவர். கறுத்த மொரிஸ் கார். முதலாளி அப்போது ஹஜ்ஜுக்குப் போயிருந்தார். கார், கலீல் காக்காவின் பொறுப்பில்.

"மாஸ்டர், நான் எடுத்திட்டு வாறன்," என்றார்.

"முதலாளி...?"

"அவரு மக்காவுல. நான் சாய்ந்தமருதுல. உங்கட தங்கச்சி எனக்கும் தங்கச்சிதான். கதைக்காம வேலையப் பாருங்க."

அவர் லேசாகச் சொன்னார். விஷயம் லேசானதல்ல. மில்லுக்கும் வீட்டுக்கும் தவிர அந்தக் கார் எங்கேயும் உருளக்கூடாது என்று முதலாளி சொல்லிவிட்டுத்தான் விமானம் ஏறினார். கலீல் காக்காவுக்கு முன்னால் இருந்த டிரைவர், தன் மாமியை அந்தக் காரில் ஏற்றிக் காத்தான்குடிக்குப் போய் வந்தார். மறுநாள் அவருக்கு வேலையில்லை. ஊருக்கே தெரிந்த கதை இது.

கலீல் காக்காவுக்கு நாலும் பெண் பிள்ளைகள். எங்கள் பக்கத்தில் ஒரு பெண் பிள்ளை என்றால் ஒரு வீடு. நாலு என்றால் நாலு வீடு. அப்போது அவரிடம் இருந்தது ஒன்றரை - குடியிருந்த வீடும், பக்கத்தில் நெஞ்சளவுக்கு எழும்பி அப்படியே நின்றுபோன சுவரும்.

இப்படிப்பட்ட மனுசன் வேலையைப் பணயம் வைத்துத் தந்த காரை நான் என்ன செய்தேன் தெரியுமா? அலங்கரித்தேன்.

பாடசாலை மீலாத் விழாவுக்கு நான் கம்பியில் வளைத்துச் செய்த பிறையும் நட்சத்திரமும் வீட்டில் கிடந்தது. வெள்ளித்தாள் சுற்றி, இரண்டடி உயரம். என் கைவேலையில் எனக்குக் கொஞ்சம் பெருமை. அதைத் தூக்கி வந்து பொனட்டின் நடுவில் நிறுத்தி, நாலு பக்கமும் சணல் கயிற்றால் இழுத்துக் கட்டினேன்.

"மாஸ்டர், கீழ ஒரு துணிய வச்சிக் கட்டுங்க," என்றார் கலீல் காக்கா.

"துணி தெரிஞ்சா வடிவா இரிக்காது காக்கா."

அவர் கயிற்றின் மறுமுனையைப் பிடித்துத் தந்தார். மாஸ்டர்மாரிடம் எதிர்த்துக் கதைக்காத காலம் அது. கதைத்திருக்கலாம்.

மாப்பிள்ளை வந்து இறங்கினார். ஊரே வெளியில் நின்று பார்த்தது. வாப்பா இருந்தால் எப்படி இருந்திருக்குமோ, அப்படி இருந்தது. உம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

அடுத்த நாள் திங்கட்கிழமை. காலையில் கயிற்றை அவிழ்த்துப் பிறையைத் தூக்கினேன். அன்றைய நிந்தவூர் றோட்டைப் பற்றி உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பள்ளத்துக்குப் பள்ளம் என் பிறை பொனட்டில் ஆடியிருக்கிறது. இரண்டு கை அகலத்துக்கு வட்டம் வட்டமாகக் கீறல். கறுத்த கார் வேறு... கரும்பலகையில் சோக்கட்டியால் கிறுக்கிய மாதிரி பளிச்சென்று தெரிந்தது.

கலீல் காக்கா குனிந்து பார்த்தார்.

"முதலாளி புதன் காலைல மட்டக்களப்புக்கு ரயில்ல வாறாரு மாஸ்டர். நான் இந்தக் காரோட ஸ்டேசன்ல நிக்கோணும்."

"நான் வந்து சொல்றன் காக்கா. பிழை என்ட."

"பிழை உங்கட. வேலை என்ட."

பாடசாலைக்கு லீவு அறிவித்துவிட்டு, காரை எங்கள் வளவுக்குள் தென்னோலைக் கிடுகு வேலிக்குப் பின்னால் விட்டோம். இரண்டு நாள் இருந்தது.

வைத்தியம் தொடங்கியது. முதலில் உம்மா தேங்காய் எண்ணெய் கொண்டுவந்தார். பூசினோம். கீறல் மாயமாய் மறைந்தது. அல்ஹம்துலில்லாஹ் என்று உட்கார்ந்தோம். கடற்கரைக் காற்று மண்ணை அள்ளி வந்து அந்த எண்ணெயில் அப்பியது. இப்போது கீறலும் தெரிந்தது, மண்ணும் தெரிந்தது.

அடுத்து, சப்பாத்துக்குப் பூசும் கறுப்புப் பொலிஷ். இது என் யோசனை. கறுப்புக்குக் கறுப்பு, சரிதானே? பத்து மணி வெயிலுக்கு அது இளகி வழிந்தது. அதைத் துடைக்கத் துணி வேண்டுமே... முதலாளியின் காரைக் கந்தலால் துடைப்பதா என்று உம்மாவுக்கு மனம் கேட்கவில்லை. கலியாணத்துக்கு மருதமுனையிலிருந்து வாங்கிவந்த கைத்தறிச் சாறன்களில் ஒன்றை, மடிப்புக் கலையாமல் எடுத்துத் தந்தார். அழுத்தித் துடைத்தோம்.

பழைய கீறல்களுக்குப் பக்கத்தில் புதிதாகச் சில மெல்லிய கீறல்கள் முளைத்தன.

சைக்கிளை எடுத்துக்கொண்டு பாண்டிருப்புக்குப் பறந்தேன். அங்கே தம்பிராசா என்று ஒருவர் வாகனங்களுக்குப் பெயின்ட் அடிக்கிற வேலை செய்தார். ஒரு லொறியின் கதவுக்கு அடித்துக்கொண்டிருந்தவர் திரும்பாமலே கேட்டார்.

"கீறல் நகத்தில தட்டுதா?"

"விளங்கல்ல அண்ணன்."

"நகத்தால குறுக்க இழுத்துப் பாருங்க. நகம் தடக்குப்பட்டா ஆழம். அதுக்குப் பெயின்ட்தான் அடிக்கோணும். தட்டல்ல எண்டா கையால எடுக்கலாம். எதால துடைச்ச நீங்க?"

"புதுச் சாறனால."

அப்போதுதான் அவர் திரும்பினார். "புதுச் சாறன்ல கஞ்சி கிடக்குமே மாஸ்டர். அதுவும் மண்ணோட துடைச்சா அதுவே கீறாதா?" யாருடைய கார் என்றும் கேட்கவில்லை. பழைய கறுத்த மொரிஸ் என்றேன்; அதிலேயே அவருக்கு விளங்கியிருக்கும்.

அவரிடம் கொம்பவுண்ட் இரண்டு விதமாக இருந்தது. ஒன்று கரடு, மற்றது மெல்லிசு. கெதியாக முடிய வேண்டுமே என்று நான் கரட்டுக்குக் கை நீட்டினேன்.

"அது கீறலையும் எடுக்கும், பெயின்டையும் எடுக்கும். பழைய கார், கிடக்கிற பெயின்டே கொஞ்சம். மெல்லிசக் கொண்டு போங்க. மண் போகக் கழுவிப்போட்டு, நிழல்ல வச்சி, சின்னச் சின்ன வட்டமாத் தேயுங்க. அவசரப்பட்டா முடியாது." ஒரு பால்மா டின்னில் வழித்துப் போட்டுத் தந்தார்.

நகத்தால் இழுத்துப் பார்த்தோம். தட்டவில்லை. அன்றைக்கு நானும் கலீல் காக்காவும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்த முதல் தடவை அதுதான். அவருடைய கடைசிப் பிள்ளைக்குக் கட்டிய பழைய துணிகள், கழுவிக் கழுவிப் பஞ்சாகிப்போனவை, ஒரு பொட்டளியாக வந்தன. தேய்த்தோம். விரல் நுனி மரத்துப்போனது. அஸருக்குப் பொனட்டில் ஒரு கீறல் இல்லை.

சந்தோசத்தில் நாலு அடி பின்னால் வந்து காரைப் பார்த்தோம்.

பொனட் கண்ணாடி மாதிரி. என் முகம் தெரிகிறது. மற்ற இடமெல்லாம் உப்புக்காற்று பட்டுச் சாம்பல் பூத்துக் கிடக்கிறது. பாதித் தலைக்கு மட்டும் எண்ணெய் வைத்த மாதிரி நிற்கிறது கார்.

கலீல் காக்கா தரையில் குந்திவிட்டார். "மாஸ்டர்... இது கீறலை விட மோசம்."

இதை நான் வாழ்க்கையில் பிறகும் பல தடவை கண்டிருக்கிறேன். பிழை செய்தவன் பிழையை மறைப்பதோடு நிற்பதில்லை. அந்த இடத்தை மட்டும் மற்ற இடங்களைவிட அழகாக்கிவிடுகிறான். பிடிபடுவதும் அதிலேதான். என் வகுப்பில் வீட்டுவேலை செய்யாத பிள்ளைதான் அன்றைக்கு மிகவும் சத்தமாக ஸலாம் சொல்லும்.

இனி ஒரே வழி - முழுக் காரையும் மினுக்குவது. செவ்வாய் காலை சுபஹோடு தொடங்கினோம். கதவு, மட்கார்ட், கூரை, பின்பெட்டி... இரண்டு பேருக்கு நாலு கை. ஒரு மொரிஸ் காருக்கு எவ்வளவு உடம்பு இருக்கிறது என்று தேய்த்துப் பார்த்தவனுக்குத்தான் தெரியும்.

பத்து மணியிருக்கும். புது மாப்பிள்ளை வீட்டின் பின்கதவால் வெளியே வந்தார். ஏழு நாளைக்கு மாப்பிள்ளை ஒரு துரும்பைத் தூக்கக்கூடாது, வட்டிலப்பமும் கோழியுமாகச் சாப்பிட்டுக்கொண்டு இருக்க வேண்டும் என்பது எங்கள் ஊர் முறை. மனுசன் பட்டுச் சாறனை மடித்துக் கட்டினார்.

"மச்சான், நம்மள ஏத்தி வந்த கார்தானே. ஒரு துணி தாங்க."

உம்மா ஓடி வந்தார். "அல்லாஹ்வே, ஊரு என்ன கதைக்கும் மகன்? ரண்டாம் நாளே மாப்பிள்ளைய வேலை வாங்கிறாங்க எண்டு சொல்லுவாங்களே."

"வேலி உயரம்தானே மாமி. ஆரும் பாக்க மாட்டாங்க," என்றார் மாப்பிள்ளை, கூரையைத் தேய்த்துக்கொண்டே.

அன்றைக்கு நாங்கள் மூன்று பேரும் கதைத்த கதை கொஞ்சமா? கலீல் காக்கா தான் கார் ஓட்டப் பழகிய கதையைச் சொல்லி எங்களைச் சிரிக்க வைத்தார். மாப்பிள்ளைக்கு வந்த பலகாரத்தில் பாதி காரடிக்கு வந்தது. தங்கச்சி ஜன்னலால் எட்டிப் பார்த்துவிட்டு, புருசன் கையெல்லாம் கறுப்பாக நிற்பதைக் கண்டு வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். அவள் இந்த வீட்டில் சந்தோசமாக இருப்பாள் என்று எனக்கு அப்போதுதான் முழு நம்பிக்கை வந்தது. அந்தப் பகலை நான் இன்றைக்கும் ஆசையோடு நினைப்பேன்.

கடைசிக் கதவுக்குக் கொம்பவுண்ட் போதவில்லை. திரும்பப் பாண்டிருப்புக்குப் போக நேரமில்லை. பல்லுத் தீட்டும் பேஸ்டால் அந்தக் கதவை முடித்தோம். பரவாயில்லை, மின்னத்தான் செய்தது. பொழுதுபட்டு மஃரிபுக்குப் பாங்கு சொல்லும்போது அந்தக் கார் கப்பலில் வந்து இறங்கிய அன்றைக்கு இருந்த மாதிரி நின்றது.

புதன்கிழமை மட்டக்களப்பு ஸ்டேசனில் நடந்ததைக் கலீல் காக்கா வந்து சொன்னார். முதலாளியாகப் போனவர் ஹாஜியாராக வந்து இறங்கினார். காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பின்கதவைத் திறக்கும்போது மூக்கைச் சுருக்கினார்.

"என்ன கலீல், புதினா மணக்கிது?"

"கழுவின நான், முதலாளி."

"மாஷா அல்லாஹ்," என்று சொல்லி ஏறி உட்கார்ந்தார். அவ்வளவுதான். கலீல் காக்கா இதைச் சொல்லும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார். "வேலை தப்பிச்சி மாஸ்டர்," என்றார். நாங்கள் இரண்டு பேரும் பள்ளிவாசலுக்குப் போய், நன்றி சொல்லி இரண்டு ரகாஅத் ஷுக்ரு தொழுதோம்.

ஹாஜியாரைப் பார்க்கச் சனம் வந்து குவிந்தது. ஸம்ஸம் தண்ணீரும் பேரீச்சம்பழமும் கொடுத்துக்கொண்டிருந்தார். வந்தவர்களில் பொத்துவில்காரர் ஒருவர் பேரீச்சம்பழத்தை வாயில் போட்டுக்கொண்டே வாசலில் நின்ற காரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். கூரையைத் தடவினார். பின்னர் உள்ளே போய் ஹாஜியாரின் காதில் ஏதோ சொன்னார்.

சனிக்கிழமை கார் பொத்துவிலுக்குப் போய்விட்டது.

மூன்று வருடமாக அந்தக் காரை விற்க ஹாஜியார் ஆள் தேடிக்கொண்டிருந்தாராம். சாம்பல் பூத்த காரை யார் திரும்பிப் பார்ப்பது? ஜப்பான் வாகனங்கள் வந்திறங்கிய காலம் வேறு. இனி ஒரு வேன் எடுப்பதாக முடிவு. ஹாஜியாருக்கு மருமகன் வீட்டோடு இருக்கிறார், ஓட்டவும் தெரியும், வேறு வேலையும் இல்லை. பிறகு டிரைவர் என்னத்துக்கு?

பொத்துவில்காரர் தன் காரைத் தானே ஓட்டுகிறவர்.

ஹாஜியார் ஒரு பிழையும் செய்யவில்லை. கலீல் காக்காவைக் கூப்பிட்டு, கையைப் பிடித்து, "உன்ட கை பட்டுத்தான் கார் விலை போச்சி" என்று மனதாரச் சொல்லி, துஆச் செய்து அனுப்பினார்.

நான் போய் உள்ளதைச் சொல்லப் புறப்பட்டேன். கலீல் காக்கா வேலியடியில் மறித்தார்.

"என்னத்தச் சொல்லப் போறீங்க மாஸ்டர்? கார மினுக்கினது பிழை எண்டா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவருக்கு முன்னால் நின்று அழுதேன். அவர்தான் என் தோளைத் தட்டினார். ஒரு துணியை வைத்துக் கட்டியிருந்தால் கீறல் இல்லை. கீறலோடு விட்டு உண்மையைச் சொல்லியிருந்தால் ஹாஜியார் அவரை விரட்டியிருப்பாரோ, ஏச்சோடு விட்டிருப்பாரோ... அல்லாஹ்தான் அறிவான். காரை விற்றிருக்க மாட்டார் என்பது மட்டும் நிச்சயம்.

கலீல் காக்கா எட்டு மாதம் மூட்டை தூக்கினார், வேலி கட்டினார், கடற்கரையில் தோணி தள்ளினார். பிறகு சவூதிக்கு ஒரு வீட்டு டிரைவராகப் போனார். பல வருடம் அங்கேயே கிடந்தார். நெஞ்சளவில் நின்ற சுவர் கூரை கண்டது. நாலு வீடும் எழும்பியது. நாலு பிள்ளைகளின் கலியாணத்தில் இரண்டுக்குத்தான் அவர் ஊரில் இருந்தார். மற்ற இரண்டு மாப்பிள்ளைமாரையும் காரில் போய் எடுத்து வந்தது நான். பொனட்டில் ஒன்றும் கட்டவில்லை.

சவூதிக்குப் போன முதல் வருடம் அவரிடமிருந்து ஒரு கசெட் வந்தது. அப்போதெல்லாம் சவூதியிலிருந்து கடிதத்துக்குப் பதிலாகக் குரலைத்தான் பதிந்து அனுப்புவார்கள். ஒரு பக்கம் பெண்சாதி பிள்ளைகளுக்கு. மறுபக்கம் எனக்கு என்று சொல்லி, அவருடைய மூத்த மகள் கொண்டுவந்து தந்தாள். கதவைச் சாத்திவிட்டுப் போட்டுக் கேட்டேன். ஸலாம் சொன்னார். உம்மாவை, தங்கச்சியை, மச்சானை விசாரித்தார். சூட்டைப் பற்றிச் சொன்னார், சாப்பாட்டைப் பற்றிச் சொன்னார். கொஞ்ச நேரம் இரைச்சல் மட்டும் ஓடியது. முடிந்துவிட்டது என்று நினைத்து நிறுத்தக் கை நீட்டினேன். அப்போது சொன்னார்:

"இஞ்ச முதலாளிட கார்ல ஒரு கீறல் கிடக்கு மாஸ்டர். நகத்தில தட்டல்ல. நான் அதில கையே வைக்கல்ல."